ஆறாவது முறை யார் நம்புவார்கள்?

1980களின் கடைசியில் பிரேசில் நாட்டு சூப்பர் மார்க்கெட்டுகளில் எல்லோரும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்த ஆள் ஒருவர் உண்டு. முதலாளி இல்லை, கேஷியர் இல்லை. கையில் விலை ஸ்டிக்கர் ஒட்டும் துப்பாக்கியோடு அலமாரி அலமாரியாக நடந்து வருபவர்! அரிசி, சோயா எண்ணெய், சோப்பு என்று ஒவ்வொன்றாகப் பழைய விலைமேல் புது விலையை ஒட்டிக்கொண்டே வருவார். அவர் வந்து சேர்வதற்குள் பொருளை எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டுவிட்டால் பழைய விலை. அரை நிமிஷம் தாமதித்தால் புது விலை. சம்பளம் வாங்கிய அன்றே மாதம் முழுமைக்கும் மளிகை வாங்கி அடுக்கிவிடுவார்கள். இறைச்சிக்காகவே ஃப்ரீசர் வாங்கிய குடும்பங்கள் ஏராளம்.

ஏன் இந்த ஓட்டம் என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போதும். 1990 மார்ச்சில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் விலைவாசி 80 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஒண்ணாம் தேதி 100 ரூபாய்க்கு (அவர்கள் காசில்தான், நம் வசதிக்கு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்) வாங்கிய பொருள் முப்பதாம் தேதி 180. அதாவது சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாசக் கடைசி வரை சும்மா இருந்தவருக்கு அதன் மதிப்பு 55 ரூபாய் சொச்சம்தான். யாரும் திருடவில்லை, எங்கும் தொலைக்கவில்லை. ஆனால் பாதி போய்விட்டது.

இதைச் சரிசெய்கிறோம் என்று பிரேசில் அரசாங்கம் 1986-லிருந்து 1991-க்குள் ஐந்து பெரிய திட்டங்கள் போட்டது. ஐந்தும் தோற்றன. ஆறாவது திட்டம் 1993 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது, 'இதாவது தேறும்' என்று நினைத்தவர்கள் ரொம்பக் குறைவு. அந்த அவநம்பிக்கையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பொதுவாகப் பொருளாதாரப் புத்தகங்களில் மக்களின் நம்பிக்கையின்மை ஒரு தடங்கலாக, திட்டம் போடும் மேதைகளின் காலை வாரும் ஒரு விஷயமாக வந்து போகும். பிரேசில் விஷயத்தில் அப்படி எழுதுவது நியாயமில்லை. அந்த ஜனங்கள் ஏன் நம்பவில்லை என்று வரிசையாகப் பார்த்தால், நம்பாமல் இருந்ததுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும்.

முதல் திட்டத்தை எல்லோரும் நம்பினார்கள். அதுதான் இந்தக் கதையில் முக்கியம்.

1964 முதல் 21 ஆண்டுகள் ராணுவ ஆட்சி. 1985-ல் அது முடிந்து, ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டான்க்ரெடோ நெவெஸ் பதவியேற்கும் முன்பே நோயில் விழுந்து இறந்துபோனார். துணை ஜனாதிபதியான ஜோஸே சர்னே நாற்காலிக்கு வந்தார். அப்போதே பணவீக்கம் ஆண்டுக்கு 200 சதவீதத்துக்கு மேல். 1986 பிப்ரவரி 28 அன்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் 'க்ருஸாடோ திட்டம்' வந்தது. பழைய க்ருஸெய்ரோ போய் க்ருஸாடோ என்ற புதுக் காசு. மூன்று சைபர் வெட்டு. எல்லா விலைகளும் அன்றைய தேதியில் முடக்கம். யாரும் ஒரு பைசா ஏற்றக்கூடாது. கூடவே சம்பளத்தில் ஒரு சின்ன உயர்வு. மக்களே, நீங்கள்தான் என் விலைக் கண்காணிப்பாளர்கள் என்று ஜனாதிபதி கேட்டுக்கொண்டார்.

ஜனங்கள் உண்மையிலேயே கிளம்பிவிட்டார்கள்! 'நான் சர்னேயின் கண்காணிப்பாளன்' என்ற பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு, அரசு வெளியிட்ட விலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லத்தரசிகள் கடை கடையாகச் சரிபார்த்தார்கள். விலை ஏற்றிய கடைக்காரரைப் போலீஸ் வந்து பிடித்துப்போனது. கூரிச்சிபா நகரில் ஒருவர் ஜனாதிபதியின் பெயரால் சூப்பர் மார்க்கெட்டை மூடுகிறேன் என்று அறிவித்துக் கதவை இழுத்து மூடிய காட்சி தொலைக்காட்சியில் வந்தது. மார்ச் மாதப் பணவீக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம்.

அப்புறம் நடந்ததை யூகிக்கலாம். விலையை முடக்கலாம், செலவை முடக்க முடியுமா? பால், இறைச்சி, கார் என்று ஒவ்வொன்றாகக் கடையிலிருந்து காணாமல் போயின. 'பட்டியல் விலைக்கு வேண்டுமா, இல்லை. கொஞ்சம் மேலே போட்டுக் கொடுத்தால் பின்பக்கம் வாருங்கள்' என்ற வியாபாரம் தொடங்கியது. கட்டுப்படியாகாத விலைக்கு மாட்டை விற்க மாட்டோம் என்று பண்ணைக்காரர்கள் உட்கார்ந்துவிட, அக்டோபரில் போலீசே மேய்ச்சல் நிலத்துக்குப் போய் மாடு பிடித்தது. (கற்பனை இல்லை, நடந்தது!) திட்டத்தில் ஓட்டை விழுந்தது அரசுக்குத் தெரியும். ஆனால் நவம்பர் 15-ல் தேர்தல். அதுவரை எதையும் தொடவில்லை. சர்னேயை ஆதரித்த பி.எம்.டி.பி. கட்சி 23 மாநிலங்களில் 22-ல் கவர்னர் பதவியைப் பிடித்தது. ஓட்டு எண்ணும் வேலை ஓய்வதற்குள், தேர்தல் முடிந்த ஆறாம் நாளே, 'க்ருஸாடோ 2' வந்தது. பெட்ரோல், மின்சாரம், தொலைபேசி, கார், சிகரெட் எல்லாம் விலை ஏற்றம். பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நவம்பர் 27-ல் தலைநகர் பிரசிலியாவில் பேருந்துகளும் கார்களும் எரிந்தன.

இந்த ஆறு நாளைத்தான் பிரேசில்காரர்கள் மறக்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஒரு திட்டம் தோற்பது வேறு. அது தோற்றுவிட்டது என்று தெரிந்தும் ஓட்டுக்காக மூடி வைத்திருந்தார்கள் என்று தெரிய வருவது வேறு.

அடுத்த இரண்டு திட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1987 ஜூனில் அன்றைய நிதியமைச்சர் பிரெஸ்ஸெர் பெயரில் ஒன்று. மறுபடியும் விலை முடக்கம். 1989 ஜனவரியில் 'கோடைத் திட்டம்' (தென் கோளத்தில் ஜனவரிதான் கோடை). மறுபடியும் முடக்கம், மறுபடியும் மூன்று சைபர் வெட்டு, காசின் பெயர் 'புது க்ருஸாடோ'. இரண்டும் சில மாதங்களில் படுத்துவிட்டன.

ஆனால் இதற்குள் ஜனங்கள் ஒரு பாடம் படித்துவிட்டார்கள். அரசு திட்டம் போடும்போதெல்லாம் திடீரென்று விலையை முடக்குகிறது. அப்படியானால் முடக்கம் வருவதற்கு முன்பே விலையை ஏற்றி வைத்துக்கொள்பவன் தப்பிப்பான், ஏற்றாதவன் மாட்டிக்கொள்வான். எனவே 'புதுத் திட்டம் வருகிறதாம்' என்று வதந்தி கிளம்பினாலே தொழிற்சாலைக்காரர் முதல் பெட்டிக்கடைக்காரர் வரை விலையை ஏற்ற ஆரம்பித்தார்கள். பணவீக்கத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்ற செய்தியே பணவீக்கத்தைக் கூட்டியது! மணி அண்ட் பேங்கிங் பேப்பரில் 'எதிர்பார்ப்புகள்' என்று ஒரு பாராவில் முடித்துவிடுவார்களே, அதை முழு நீளப் படமாகப் பார்க்க வேண்டுமானால் 1980களின் பிரேசிலைப் படிக்கலாம். இதில் பேராசை என்று யாரையும் திட்ட முடியாது. ஐம்பது ரொட்டி விற்கும் பேக்கரிக்காரர் விலையை ஏற்றாமல் நல்லவராக இருந்து, மறுநாள் முடக்கம் வந்தால், அடுத்த வாரம் மாவு வாங்கவே அவரிடம் காசு இருக்காது.

பிறகு வந்தது கோலோர் திட்டம். மற்றவற்றில் மக்கள் ஏமாந்தார்கள். இதில் அடிபட்டார்கள்.

1989-ல், 29 ஆண்டுகளுக்குப் பிறகு நேரடி ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. தொழிலாளர் கட்சியின் லூலாவைத் தோற்கடித்து ஜெயித்தவர் ஃபெர்னாண்டோ கோலோர். நாற்பதே வயது. 1990 மார்ச் 15-ல் பதவியேற்பு. வங்கிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மறுநாள், 36 வயது நிதியமைச்சர் ஸெலியா கார்டோஸோ ஜி மெல்லோ (அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்) திட்டத்தை வெளியிட்டார். காசின் பெயர் மறுபடி க்ருஸெய்ரோ. விலை மறுபடி முடக்கம். இதெல்லாம் பழகிப்போனதுதான். புதிதாக இருந்தது இது: வங்கிக் கணக்கிலும் சேமிப்புக் கணக்கிலும் 50,000-க்கு மேல் உள்ள தொகை முடக்கம். டாலரில் பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம். அதற்கு மேல் உள்ளதை 18 மாதம் தொட முடியாது. அதன்பிறகு 12 மாதத் தவணையில் திருப்பித் தருவோம்.

பணக்காரன் பணம்தானே என்று முதலில் தோன்றும். ஆனால் பிரேசிலில் 'காடர்நெட்டா ஜி போபான்ஸா' என்ற சேமிப்புக் கணக்கு, நம் ஊர் தபால் ஆபீஸ் சேமிப்புப் புத்தகம் மாதிரி. பணவீக்கத்துக்கு ஏற்ப அதில் தொகை ஏறும், அரசு உத்தரவாதம் உண்டு. ஓட்டத் தெரியாத சாதாரண ஜனங்கள் ஒதுங்கி நின்ற ஒரே திண்ணை அது. வீட்டை விற்று அடுத்த வீடு வாங்குவதற்குள் பணத்தைப் போட்டு வைத்தவர், ஆபரேஷனுக்குச் சேர்த்தவர், மாதக் கடைசியில் சம்பளம் போட வேண்டிய சின்ன முதலாளி என்று எல்லோரும் ஒரே வலையில். டாலரும் நிலமும் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வலையில் ஓட்டை இருந்தது. அரசாங்கத்தை நம்பி அரசு சொன்ன இடத்தில் பணத்தைப் போட்டவருக்குத்தான் இல்லை.

சரி, இவ்வளவு செய்ததற்குப் பணவீக்கமாவது ஒழிந்ததா? சில மாதம் அடங்கியது. டிசம்பர் வருவதற்குள் மாதத்துக்கு 18 சதவீதம் ஆகிவிட்டது. 1991-ன் தொடக்கத்தில் 'கோலோர் 2' என்று இன்னொரு முடக்கம், அதுவும் போனது. ஸெலியா மே மாதம் விலகினார். கோலோர் ஊழல் புகாரில் சிக்கி, 1992 டிசம்பரில் செனட் விசாரணையின்போது ராஜினாமா செய்தார்.

துணை ஜனாதிபதி இத்தமார் ஃபிராங்கோ மேலே வந்தார். ஏழெட்டு மாதத்துக்குள் மூன்று நிதியமைச்சர்கள் மாறி, 1993 மே மாதம் நான்காவதாக வந்தவர் ஃபெர்னாண்டோ ஹென்ரிக் கார்டோஸோ. (ஸெலியாவுக்கும் இவருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே.) பொருளாதார நிபுணர் கூட இல்லை, சமூகவியல் பேராசிரியர். அந்த ஆண்டுப் பணவீக்கம் 2,477 சதவீதம். ஆகஸ்டில் இன்னொரு மூன்று சைபர் வெட்டி, காசுக்கு 'க்ருஸெய்ரோ ரியால்' என்று இன்னொரு பெயர். ஜனங்கள் சிரித்திருப்பார்கள்.

ஆனால் கார்டோஸோ சேர்த்த குழுவில் இருந்த பெர்ஸியோ அரிடா, ஆந்த்ரே லாரா ரெஸெண்டே, எட்மார் பாஷா போன்றவர்கள் க்ருஸாடோ திட்டத்தில் வேலை பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள். இந்த முறை அவர்கள் ஒரு முடிவோடு வந்தார்கள். திடீர் அறிவிப்பு கிடையாது. விலை முடக்கம் கிடையாது. யார் பணத்தையும் தொடுவது கிடையாது. என்ன செய்யப் போகிறோம், எந்த வரிசையில் செய்யப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது. முதலில் பட்ஜெட் ஓட்டையை அடைக்க ஒரு அவசர நிதிக்குக் காங்கிரஸில் அனுமதி. அடுத்து ஒரு விசித்திரமான காசு.

அதன் பெயர் யூ.ஆர்.வி., 'உண்மை மதிப்பு அலகு'. இந்தக் காசுக்கு நோட்டு கிடையாது, சில்லறை கிடையாது. விலைப் பட்டியலிலும் ஒப்பந்தங்களிலும் மட்டும் வாழும். கிட்டத்தட்ட ஒரு டாலர் மதிப்புள்ள ஒரு யூ.ஆர்.வி. இன்றைக்கு எத்தனை க்ருஸெய்ரோ ரியால் என்று மத்திய வங்கி தினமும் அறிவிக்கும். 1994 மார்ச் 1 அன்று 647.50. ஒரு பொருளின் விலை ஒரு யூ.ஆர்.வி. என்று எழுதி வைத்தால், நோட்டில் கொடுக்க வேண்டிய தொகை நாளுக்கு நாள் ஏறும்; ஆனால் அட்டையில் 'ஒன்று' என்றே இருக்கும். சம்பளம் அப்படி மாறியது. வாடகை, பள்ளிக் கட்டணம், ஒப்பந்தங்கள் எல்லாம் மெல்ல மெல்ல மாறின. நான்கு மாதம் இப்படி ஓடிய பிறகு, ஜூலை 1-ம் தேதி, 2,750 க்ருஸெய்ரோ ரியாலுக்கு ஒரு யூ.ஆர்.வி. என்ற நிலையில், அதையே நிஜக் காசாக அச்சடித்து 'ரியால்' என்று வெளியிட்டார்கள். 1986-க்கு முந்தைய பழைய க்ருஸெய்ரோவில் கணக்குப் போட்டால் ஒரு ரியால் என்பது 2 லட்சத்து 75 ஆயிரம் கோடி. கால்குலேட்டரில் இடம் பத்தாது.

இதில் அழகு என்னவென்றால், 'எங்களை நம்புங்கள்' என்று யாரையும் கேட்கவில்லை. நம்பாதவருக்கும் யூ.ஆர்.வி.யில் விலை எழுதுவதுதான் பாதுகாப்பு. அவநம்பிக்கையோடு இருப்பவர் தன் சுயநலத்துக்குச் செய்யும் காரியமே திட்டத்தை முன்னால் தள்ளும்படி வைத்திருந்தார்கள். எட்டு ஆண்டு ஏமாந்த ஜனங்களுக்குத் திட்டம் போடுவது என்றால் இப்படித்தான் போட முடியும்.

அப்போதும் யாரும் நம்பவில்லை என்பதே உண்மை! ஐ.எம்.எஃப். கூட இந்தத் திட்டத்துக்கு முறையான கடன் ஒப்பந்தம் தந்து முத்திரை குத்தவில்லை. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அதற்குக் காரணமும் இருந்தது. சம்பளத்தைக் கடந்த நான்கு மாதச் சராசரியில் மாற்றினார்கள், கடைக்காரர்களோ யூ.ஆர்.வி.யிலேயே விலையை உயர்த்தி வைத்துக்கொண்டார்கள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 64.79 யூ.ஆர்.வி. என்று நின்றது. ஜூன் மாதத்தில், பழைய காசின் கடைசி மாதத்தில், பணவீக்கம் 47 சதவீதம். போதாக்குறைக்கு கார்டோஸோ மார்ச் கடைசியில் அமைச்சர் பதவியை விட்டு ஜனாதிபதித் தேர்தலில் குதித்தார். அக்டோபரில் தேர்தல், ஜூலையில் புதுக் காசு. 1986 நவம்பரைப் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? தேர்தல் மோசடி என்று தொழிலாளர் கட்சி சொன்னதில் ஆச்சரியமே இல்லை. மே மாதக் கருத்துக் கணிப்புகளில் லூலா 40 சதவீதத்தை ஒட்டி இருந்தார். கார்டோஸோ 20-ஐக் கூடத் தொடவில்லை.

ஜூலையில் பணவீக்கம் 7 சதவீதத்துக்குக் கீழே. ஆகஸ்டில் 2-க்கும் கீழே. ஸ்டிக்கர் துப்பாக்கிக்காரருக்கு வேலை குறைந்தது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. கார்டோஸோவுக்குப் பிறகு நிதியமைச்சரான ருபென்ஸ் ரிக்குபெரோ செப்டம்பர் 1-ம் தேதி ஒரு தொலைக்காட்சிப் பேட்டிக்காகக் காத்திருந்தபோது, நிருபரிடம் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். நல்லதைப் பயன்படுத்திக்கொள்வோம், கெட்டதை மறைத்துவிடுவோம் என்ற ரீதியில் போனது பேச்சு. அது செயற்கைக்கோள் வழியே, வீட்டு மாடியில் டிஷ் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது! சில நாளில் பதவி போயிற்று. 1986-ஐப் போல இன்னொரு பித்தலாட்டம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனாலும் அக்டோபர் 3-ல் கார்டோஸோ முதல் சுற்றிலேயே 54 சதவீத ஓட்டோடு ஜெயித்தார். அமைச்சர் என்ன உளறினால் என்ன, அதற்குள் ஜனங்கள் மூன்று மாதம் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டார்கள். 1986-ல் ஜனாதிபதியின் பேச்சைக் கேட்டு நம்பியவர்கள், 1994-ல் ரொட்டி விலையை மட்டுமே நம்பினார்கள்.

சந்தேகப்பட்டவர்கள் எல்லாவற்றிலும் தப்பாகிப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரியாலை டாலரோடு கட்டிக் காப்பாற்ற வட்டி விகிதத்தை வானத்தில் வைத்திருந்தார்கள். பணவீக்கத்தில் மறைந்துகிடந்த வங்கி நஷ்டங்கள் வெளியே வந்து, 1995-ல் எகோனோமிகோ, நாசியோனால் என்ற பெரிய வங்கிகள் சாய்ந்தன. 1998-ல் கார்டோஸோ மறுபடி ஜெயித்தார். 1999 ஜனவரியில், இரண்டாம் முறை பதவியேற்ற இரண்டே வாரத்தில், ரியாலை டாலரோடு கட்டி வைக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். 1.21 ரியாலாக இருந்த டாலர் மாதக் கடைசியில் 2 ரியாலை நெருங்கியது. மார்ச்சில் வட்டி 45 சதவீதம். தேர்தலுக்குப் பிறகுதான் கசப்பு மருந்து என்ற பழைய பழக்கம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் விலைவாசி பழைய குதிரை ஓட்டத்துக்குத் திரும்பவில்லை. அதே ரியால்தான் இன்றும் அந்த நாட்டுக் காசு.

கோலோர் முடக்கிய பணம் என்னவாயிற்று? தவணையில் திரும்பி வந்தது. ஆனால் விலையேற்றத்தை எந்தக் குறியீட்டில் ஈடுகட்டுவது என்பதில் அரசு போட்ட கணக்கும் ஜனங்கள் போட்ட கணக்கும் வேறு. பிரெஸ்ஸெர், கோடை, கோலோர் என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் சேமிப்புக் கணக்குக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள்; லட்சக்கணக்கில் வழக்குகள். 2001 செப்டம்பரில் அரசியல் சாசனத்தைத் திருத்தி, மக்களின் சேமிப்பையோ வேறு நிதிச் சொத்தையோ முடக்குவதற்கு ஜனாதிபதி அவசர ஆணை போடக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். வங்கிகளுக்கும் சேமிப்பாளர் சங்கங்களுக்கும் இடையே சமரச ஒப்பந்தம் எட்டியது 2017 டிசம்பரில்தான். அதற்குள் கணக்கு வைத்திருந்த பலர் இறந்துபோயிருந்தார்கள். பழைய பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.